தாய்மாமன் செட்டு ஊளையிட்டது

விடிந்ததும் விடியாததுமாய் அந்தச் சின்னாளப்பட்டித் தெருவுக்குக் கேட்டது சாமி பாட்டு இல்லை, ஊளை.

வேப்பமரத்து உச்சிக் கிளையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்க்குள்ளிருந்து அது கிளம்பியது. "முஉஉ... ருஉஉ... காஆஆ..." என்று அம்மிக்கல்லை விழுங்கியவன் முனகுவதுபோல ஒரு குரல். இழுத்தது, மூச்சு முட்டியது, நின்றேபோனது, மறுபடி எழுந்தது. தறியில் உட்கார்ந்திருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்கள். பால் கறந்துகொண்டிருந்தவள் செம்பைக் கவிழ்த்தாள். தெருநாய் ஒன்று, சொந்தக்காரன் எவனோ கூப்பிடுகிறான் என்று நினைத்து, முகத்தைத் தூக்கி அதே சுருதியில் பதில் சொன்னது.

மலைச்சாமி பாய்ந்துபோய் ஊசியைத் தூக்கினான். தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கணீரென்று பாடிய செட்டு! இதே பெட்டி, இதே ரிக்கார்டு, இதே குழாய்!

பந்தலுக்குள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"என்னப்பா இது, காதுகுத்து வீட்டுல எழவுச் சத்தம்?"

"ஏலே மலைச்சாமி, ஒன் ரிக்கார்டுக்குச் சளி புடிச்சிருக்குடா. சுக்குத் தட்டி ஊத்து!"

சுக்கு சொன்னவன் உடையப்பன். மலைச்சாமியின் அக்காள் சிவனம்மாளுக்கு வாய்த்த புருஷன் ராமர்; அந்த ராமரின் சித்தப்பன் மகன்தான் இந்த உடையப்பன். தன் கூட்டாளியின் மைக் செட்டைத்தான் இந்த விசேஷத்துக்கு வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன். தாய்மாமனே சொந்தச் செட்டோடு வருகிறான் என்றதும் அவன் பேச்சு எடுபடவில்லை. இப்போது பந்தல் காலில் சாய்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டு, ரொம்ப நிம்மதியாக நின்றான்.

மலைச்சாமியின் கண் அடுப்படி வாசலைத் தேடியது. அங்கே கரண்டியும் கையுமாக அக்காள் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

அவள் பயம் அவனுக்குத் தெரியும். அவளுடைய மூத்த பொம்பளைப் பிள்ளைக்குக் காது குத்தியபோது அக்காள் தம்பி இருவரின் அப்பா செத்து மாதம்கூட ஆகவில்லை. சாணார்பட்டியிலிருந்து மலைச்சாமி ஒரே ஒரு தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு தனி ஆளாக வந்து நின்றான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்த மாமன் கொண்டுவரும் சீரைத்தான் ஊரே கண்ணால் எடைபோடும். அன்றைக்கு எடைபோட்டவர்கள் இன்றுவரை தராசைக் கீழே வைக்கவில்லை. குழம்பில் உப்புக் கூடினாலும், தறியில் நூல் அறுந்தாலும், அந்த ஒற்றைத் தாம்பாளம்தான் சிவனம்மாளின் தலையில் வந்து விழும். அதில் முதல் ஆள் அவள் மாமியார் பேச்சாயி. பேச்சாயியின் குரலுக்குக் குழாய் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

அதற்காகத்தான் அவன் திண்டுக்கல்லில் ஒரு மைக் செட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்தான். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராய் மரம் ஏறினான். கடைசியில் சொந்தமாக ஓர் ஆம்ப்ளிபயர், ஒரு குழாய், சிவப்புப் பெட்டிக்குள் தட்டுச் சுற்றும் ஒரு ரிக்கார்டு பிளேயர். இந்தச் செட்டுக்கு இதுதான் முதல் விசேஷம். அக்காள் மகனுக்குக் காதுகுத்து. இன்றைக்கும் தோற்றால் அந்தத் தாம்பாளத்துக்குத் துணையாக ஒரு பெட்டியும் சேர்ந்துகொள்ளும். அக்காள் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டேதான் சோறாக்க வேண்டும்.

"செத்த நேரம் பொறுங்க. இந்தா, இப்பச் சரியாயிரும்" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

கரண்டு கம்மியோ? பந்தல் பல்பைப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. வேகத்துக்கான திருகு? நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றில்தான் நின்றது. ஊசி தேய்ந்திருக்குமோ? புது ஊசி மாட்டினான். ரிக்கார்டைத் துடைத்தான், ஊதினான், நெற்றியில் ஒற்றிக்கொண்டான், மறுபடி வைத்தான்.

"முஉஉ... ருஉஉ..."

"ஆத்தாடி!" என்று ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள். மொட்டை போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, இது தனக்கு ஏதோ ஆகப்போவதற்கான அறிகுறி என்று முடிவுசெய்து வீறிட்டது.

மலைச்சாமி ரிக்கார்டை எடுத்தான். தட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினான்.

தட்டுக்கு அடியில் பெரிய மாயம் ஒன்றும் கிடையாது. மோட்டாரிலிருந்து பென்சில் பருமனில் ஓர் இரும்புக் கம்பி நிமிர்ந்து நிற்கும். அதை ஒட்டி ஒரு ரப்பர் சக்கரம். கம்பி சுற்றினால் ரப்பர் சுற்றும். ரப்பர் தட்டின் உள்விளிம்பைப் பிடித்துத் தள்ளினால் தட்டுச் சுற்றும். எல்லாம் அந்தப் பிடிப்பில்தான் இருக்கிறது. அதனால் ரப்பர் எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும்.

ரப்பர் மினுங்கியது.

அவன் விரலால் தொட்டான். பிசுபிசுவென்று வழுக்கியது. மோந்து பார்த்தான். விளக்கெண்ணெய்! கொஞ்சநஞ்சமில்லை. சக்கரத்தின் விளிம்பு முழுக்க, தட்டின் உள்பக்கமெல்லாம், பிள்ளைக்கு உச்சியில் வைத்துத் தேய்த்ததுபோல.

ஒரு நிமிஷம் அவனுக்குப் பந்தலே சுற்றியது. எண்ணெய் தானாக நடந்துவந்து உள்ளே ஏறாது. ராத்திரி பெட்டி வீட்டுக்குள்தான் இருந்தது. யாரோ தட்டைத் தூக்கி, வேண்டுமென்றே, பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறார்கள். காதுகுத்து வீட்டில்! பச்சைப் பிள்ளையின் விசேஷத்தில்!

அவன் தலை தானாகத் திரும்பியது. உடையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"ஏய்யா உடையப்பா, நீயெல்லாம் மனுசனா?" மலைச்சாமி எண்ணெய்க் கையை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். "எம்மேல கோவம்னா என்னை அடிக்க வேண்டியதுதான? பெட்டியில எண்ணெய ஊத்துறியே!"

உடையப்பனின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "எதே? நானா?"

"பின்ன என்ன, பெட்டி தானா குளிச்சுச்சா?"

"வார்த்தைய அளந்து பேசு! நான் ராத்திரி பூரா பந்தலுக்கு ஓலை பின்னிக்கிட்டுக் கெடந்தேன். வேணும்னா கேளு, அம்புட்டுப் பேரும் சாட்சி!"

"ஒன் கூட்டாளி செட்ட வைக்கலைன்னுதான நீ..."

"ஏலே!" உடையப்பன் துண்டை உதறிக்கொண்டு வந்தான். நடுவில் ராமர் குதித்து இருவர் நெஞ்சிலும் கையை வைத்தார். மைத்துனனையும் விட்டுக்கொடுக்க முடியாது, பங்காளியையும் விட்டுக்கொடுக்க முடியாது. ராமர் அழுதுவிடுவார்போல இருந்தது.

"மச்சான், மொதல்ல பாட்டுக்கு வழியப் பாரு. காது குத்துற ஆசாரி வந்து உக்காந்துட்டாரு. நல்ல நேரம் போயிரும்."

வழி பந்தலிலேயே தொங்கியது. பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றவைக்க ஒரு சீசாவில் ஸ்பிரிட் வைத்திருந்தார்கள். வேட்டி ஓரத்தைக் கிழித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, ரப்பரைத் துடைத்தான். தட்டின் விளிம்பைத் துடைத்தான். துணியில் எண்ணெய் வருவது நிற்கும்வரை துடைத்தான். பிறகு தட்டை மாட்டி, சாமியைக் கும்பிட்டு, ஊசியை வைத்தான்.

"முருகாமுருகாமுருகாமுருகா..."

ரிக்கார்டில் பாடிய கணீர்க் குரல் பாகவதர் கொசுவாகிப் போனார். நாய் துரத்தும்போது ஓடிக்கொண்டே பாடுகிற பிள்ளைபோல, மூன்று அடி பாட்டு ஒரு மூச்சில் தெறித்துக்கொண்டு போனது. தபேலா அடிப்பது சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் கேட்டது.

இந்த முறை யாரும் பயப்படவில்லை. அதுதான் கொடுமை. பந்தலே சிரித்தது. தெருவே சிரித்தது.

சிவனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. "ஏலே தம்பி, ஒனக்குப் புண்ணியமாப் போகும். நிப்பாட்டிரு. பாட்டே வேணாம். நீ புள்ளைய மடியில மட்டும் வச்சுக்க, போதும்."

"இரு அக்கா..."

"இதுக்குமேல என்னத்த இருக்க? அங்க எங்க மாமியா தங்கச்சி ராமுத்தாய் இப்பவே பேச வாயத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

அவள் போய்விட்டாள். மலைச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எண்ணெய் பட்டால் தட்டு மெதுவாகும். சரி. எண்ணெயை எடுத்தால் பழைய வேகம் வர வேண்டும். பழையதைத் தாண்டி எப்படி ஓடும்? கம்பி பருத்தால்தான் தட்டு வேகமாகும். இரும்புக் கம்பி ராத்திரியோடு ராத்திரியாகச் சோறு தின்று பருக்குமா?

மறுபடி தட்டைத் தூக்கினான். ரப்பர் சக்கரத்தை ஒருபக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அதன் பின்னால் மறைந்திருந்த கம்பியைப் பார்த்தான்.

பருத்துத்தான் இருந்தது! கம்பியைச் சுற்றி மஞ்சளாக ஏதோ மெழுகிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினான். பொடியாக உதிர்ந்தது. மோந்தான். சந்தனம்.

கம்பியின் தலையில், கடுகளவு, ஒரு குங்குமப் பொட்டு.

மலைச்சாமி அப்படியே உட்கார்ந்துவிட்டான். விளக்கெண்ணெயைக் கண்டபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கெடுக்க வந்தவன் எண்ணெய் ஊற்றுவான், மண்ணைப் போடுவான், கம்பியை வளைப்பான். பொட்டு வைப்பானா? சந்தனம் குழைத்து, சுற்றிலும் பூசி, நடுவில் குங்குமம் இட்டுவிட்டுப் போகிற எதிரி எந்த ஊரில் இருக்கிறான்?

"ஸ்ஸ்... இங்க வா."

உள்ளறை வாசலில் பேச்சாயி நின்றாள். முந்தானையை இழுத்து வாயை மூடியிருந்தாள். அவள் கண்ணை இதற்குமுன் அவன் நேராகப் பார்த்ததே இல்லை. அதில் பயம் இருந்தது.

போனான். அறைக்குள் இருட்டு. மூலையில் தறிக்கு நூல் சுற்றும் ராட்டை இருந்தது. அதன் சக்கரத்தின் அச்சில் எண்ணெய் பளபளத்தது. நூல் சுற்றும் கதிரில் சந்தனம். அதன்மேல் குங்குமம். புத்தம் புதிதாக, இன்றைக்குக் காலையில் வைத்தது.

மலைச்சாமி ராட்டையைப் பார்த்தான். பேச்சாயியைப் பார்த்தான். மறுபடி ராட்டையைப் பார்த்தான்.

"அத்தே... நீங்களா?"

"மெல்லப் பேசு அப்பு." அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கோழி கூப்பிட எந்திரிச்சதும் ராட்டைக்கு எண்ணெய் விட்டேன். ஒம் பெட்டியும் பக்கத்துல இருந்துச்சு. நேத்து நீ புள்ளைகளுக்குத் தட்டத் தூக்கிக் காமிச்சேல்ல, பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். இதுவும் சுத்துறதுதான? எண்ணெய் இல்லாம சபையில கீச்சு கீச்சுன்னு கத்தி வச்சா நம்ம மானம் போயிருமேன்னு..."

"யாரு மானம்?"

"நம்ம மானந்தேன். நல்ல காரியமாச்சேன்னு ராட்டைக் கதிருக்கு வைக்கிற மாதிரி ஒம் பெட்டிக் கம்பிக்கும் சந்தனம் வச்சேன். அது இப்படி ஒப்பாரி வைக்கும்னு நான் கண்டனா?"

"ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுத்தே! வழுக்கிப்புடும்!"

"எங்க வீட்டுல சுத்துறது அம்புட்டும் எண்ணெய் குடிக்கிற சாதி. இந்த ஒண்ணு மட்டும் ஏகாதசி விரதம்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

மலைச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் பிடி தளரவில்லை.

"வெளிய சொல்லிராத அப்பு. எந்தங்கச்சி ராமுத்தாய் பந்தல்ல உக்காந்திருக்கா. அவ வாய ஒனக்குத் தெரியாது. சாகுறவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. என்னால தாங்க ஏலாது."

எங்க அக்கா தாங்குதுல்ல என்று அவன் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. தாம்பாளம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் வெளியே உடையப்பன் சத்தம் கூரையைத் தூக்கியது.

"எங்கடா அவன்? சூடத்தக் கொளுத்துங்கடா! நான் அணைச்சுச் சத்தியம் பண்றேன். நான் எண்ணெய் விட்டிருந்தா எங்குடும்பம் வெளங்காமப் போகட்டும்! இல்லைன்னா அவன் எனக்குப் பதில் சொல்லணும்!"

பேச்சாயியின் கை இன்னும் இறுகியது. மலைச்சாமி அதை மெதுவாக எடுத்துவிட்டு வெளியே வந்தான்.

பந்தலுக்கு நடுவே தாம்பூலத்தட்டில் சூடம் தயாராக இருந்தது. உடையப்பன் மீசை துடித்தது. அடுப்படி வாசலில் அக்காள். எல்லாக் கண்ணும் அவன்மேல்.

"உடையப்ப மச்சான், சூடமெல்லாம் வேணாம்" என்றான் மலைச்சாமி. "எண்ணெய் விட்டது நாந்தேன். வண்டியில வந்த புழுதிக்கு நல்லதுன்னு நானே விட்டுட்டு மறந்துட்டேன். ஒங்களப் பேசுனது தப்பு."

கூட்டம் வாயைப் பிளந்தது. சிவனம்மாள் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. ராமர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "அப்படியா? ஊருக்கே கேக்குற மாதிரி என்னைய மனுசனான்னு கேட்டேல்ல? ஊருக்கே கேக்குற மாதிரிச் சொல்லு. மைக்குல சொல்லு."

"உடையப்பா, விடுப்பா..." என்றார் ராமர்.

"மைக்குல சொன்னாத்தான் நான் இந்த வீட்டுல கை நனைப்பேன்."

மலைச்சாமி மைக்கைக் கையில் எடுத்தான். எத்தனை ஊரில் "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்" சொன்ன வாய்! இப்போது ஹலோ சொல்லக்கூட மறந்துபோனது. "பெரியவங்களுக்கு வணக்கம். செட்டு கெட்டதுக்கு நாந்தேன் காரணம். நானே எண்ணெய் விட்டேன். உடையப்ப மச்சான்மேல எந்தத் தப்பும் இல்லை." வேப்பமரத்து உச்சியிலிருந்து அவன் குரலே அவன் தலையில் விழுந்தது. தறிக்கூடம்வரை, கடைத்தெருவரை கேட்டிருக்கும்.

பெண்கள் பக்கமிருந்து ராமுத்தாய் கழுத்தை நீட்டினாள். "அன்னிக்கு ஒத்தத் தாம்பாளம். இன்னிக்கு எண்ணெய்ச் செட்டு. அடுத்த காதுகுத்துக்கு என்ன கொண்டாருவாகளோ சிவனம்மா பொறந்த வீட்டுல!"

சிரிப்பு எழும்பிப் பந்தல் முழுக்கப் பரவியது. சிவனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மலைச்சாமி மைக்கைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் நின்றான்.

அவன் கையிலிருந்து அது பிடுங்கப்பட்டது.

"கீஈஈஈ..." என்று குழாய் அலறியது. எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பேச்சாயி! முந்தானையை இடுப்பில் செருகி, மைக்கை உலக்கைபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி ராமுத்தாயி!" என்றாள். வேப்பமரத்துக் காக்கையெல்லாம் ஒன்றுசேரப் பறந்தன. "ஒம் பேரன் காதுகுத்துக்கு மாமங்காரன் என்னத்தடி கொண்டாந்தான்? ரெண்டு சீப்பு வாழப்பழமும் வயித்தெரிச்சலுந்தான? எம் மருமக தம்பி மரத்துல குழாய் கட்டி வந்திருக்கான்டி! அவன் செட்டு! அவன் எண்ணெய் விடுவான், நெய் விடுவான், பாயாசத்தக்கூட ஊத்துவான். ஒனக்கு எங்கடி எரியுது?"

தன் குரல் குழாயில் கேட்டது பேச்சாயிக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்; தலையைத் தூக்கி மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னும் உரக்கத் தொடர்ந்தாள்.

"எம் மருமக பொறந்த வீட்டப் பத்தி இனிமே எவளாச்சும் வாயத் தொறந்தா, நான் இதுலயே பேசுவேன். இந்தா, கையில வச்சிருக்கேன் பாத்துக்க. ஒவ்வொருத்தி வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும்!"

ராமுத்தாயின் நீண்ட கழுத்து ஆமைபோல உள்ளே போய்விட்டது. அவளுக்குப் பக்கத்திலிருந்த நாலைந்து பெண்கள் அவசரமாகப் பூக்கட்ட ஆரம்பித்தார்கள். உடையப்பன் தன் பெயரும் வந்துவிடுமோ என்று பந்தல் காலுக்குப் பின்னால் நகர்ந்தான்.

"என்னப்பா வாய் பாத்துக்கிட்டு நிக்கிற?" பேச்சாயி மைக்கை மலைச்சாமி நெஞ்சில் குத்தினாள். "போட்டு விடு பாட்ட!"

மலைச்சாமி குனிந்து, சந்தனத்தைச் சுரண்டினான். ஸ்பிரிட் துணியால் கம்பியைத் துடைத்தான். தட்டை மாட்டினான். ஊசி இறங்கியது.

"முருகா..."

குரல் கணீரென்று எழுந்தது. இழுக்கவில்லை, ஓடவில்லை. மரத்திலிருந்து தெரு முழுக்க நேராக நடந்து போனது.

"ஆசாரி, வாங்க வாங்க!" என்று ராமர் பறந்தார். மலைச்சாமி மனையில் உட்கார்ந்து மருமகனை மடியில் வைத்துக்கொண்டான். சந்தன மொட்டை அவன் மோவாயில் இடித்தது. கையில் வெல்லம் சேர்த்த காப்பரிசி உருண்டையோடு சிவனம்மாள் குனிந்தாள். காதில் கம்பி இறங்கும்போது பிள்ளை வாயில் போட வேண்டும்.

"ஏலே" என்று அவன் காதில் கிசுகிசுத்தாள். "எங்க மாமியாளுக்கு என்னடா ஆச்சு? ராத்திரி காய்ச்சல் கீய்ச்சல் அடிச்சிச்சா?"

"எனக்கென்னக்கா தெரியும்?"

"என்னைய 'எம் மருமக'ங்குதுடா! குழாயில!"

ஆசாரியின் கம்பி காதில் ஏறியது. பிள்ளை பந்தல் பிய்த்துக்கொள்ளக் கத்தியது.

"சத்தத்தக் கூட்டுப்பா!" என்று பின்னாலிருந்து பேச்சாயி கத்தினாள். "எம் பேரன் அழுகுறது எவளுக்கும் கேக்கப்படாது!"

மலைச்சாமி எட்டி ஆம்ப்ளிபயரைத் திருகினான். பாட்டு முழங்கியது. சிவனம்மாள் இன்னும் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே பிள்ளைக்கு வைத்திருந்த காப்பரிசி உருண்டையைத் தன் வாயில் போட்டு, மென்று, விழுங்கியும் விட்டாள்.